சீமெந்துத் தேன்

தேனுக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுகிறவன் தேனீ வளர்ப்பவன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அவன் கிடைத்த கொஞ்சத் தேனைப் போத்தல்களில் நிரப்பி, வாசலில் ஒரு மேசையைப் போட்டு, கேட்ட விலைக்கு விற்றுவிடுவான். அந்த வருடம் சனம் அந்த விலையைக் கொடுக்கும். அடிபடுகிறவர்கள் வரிசையின் கடைசியில் வாளியோடு நிற்கும் எங்களைப் போன்றவர்கள். போத்தலில் போட்டது போக, பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதை வாங்கி மதுவாக்குகிறவர்கள்.

இங்கே சுவிசில் அதை மேத் என்பார்கள். தேன், தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். தண்ணீருக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. ஈஸ்ட் ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். மீதி எல்லாம் தேன். ஆகவே தேன் விலை ஏறினால் மேத்தின் விலையும் ஏற வேண்டும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் எங்களிடம் வாங்கி விற்கும் கடைக்காரியிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். "போன வருட விலைதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள்.

என் கணவர் இந்தத் தொழிலைத் தொடங்கியது 2009 இல். ஊரில் யுத்தத்தோடு எல்லாம் முடிந்துபோன வருடம். அந்த வருடம் எங்கள் ஆட்கள் யாரும் நல்ல காரியம் எதையும் தொடங்கவில்லை. கல்யாணங்களைக்கூடத் தள்ளி வைத்தார்கள். நாங்கள் மட்டும் சோலோதுர்ன் நகருக்கு வெளியே, யூரா மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில், ஆப்பிள் சாறு பிழியும் ஒரு பழைய கூடத்தின் நிலவறையை வாடகைக்கு எடுத்தோம். அதற்கு முன் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்துகொண்டே இலையுதிர் காலங்களில் அந்தக் கூடத்தில் பீப்பாய் கழுவப் போவார் என் கணவர். அங்கே மேத் செய்யக் கற்றுக்கொண்டார். கூடத்துக்காரர் வயதாகி ஒதுங்கியதும், இவர் சமையலறை வேலையையும் விட்டுவிட்டு நிலவறைக்குள் இறங்கிவிட்டார். நான் முதியோர் இல்லத்தில் சலவை வேலையை விடவில்லை. வீட்டில் ஒருவருக்காவது புத்தி இருக்க வேண்டும் அல்லவா?

ஊஸ்டரில் இருக்கும் மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, இந்தத் தொழில் பிடிக்கவேயில்லை.

"தம்பி, எங்கடை பரம்பரையிலை ஆரும் தவறணை வைச்சதில்லை," என்று தொலைபேசியில் சொல்வா. "சுவிசுக்கு வந்தோ கள்ளு விக்க வேணும்?"

"இது தேனக்கா."

"தேன்கள்ளும் கள்ளுத்தானே!"

ஆனால் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு போத்தல் கொண்டு போவா. அவவின் கணவருக்கு இருமலாம். கோடையிலும் இருமலாம்.

எங்களுக்குத் தேன் தந்தவர் ஒரே ஒருவர். ரயில் பாதை வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனியாள். காட்டோரத்தில் அவருக்கு ஒரு தேனீ வீடு இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் மரத்தாலான ஒரு சின்னக் கொட்டில். முன்பக்கச் சுவரில் நீலம், மஞ்சள், சிவப்பு எனப் பூசிய பலகை வாசல்கள். உள்ளே போனால் சுவர் முழுவதும் அலுமாரி இழுப்பறைகளைப் போலத் தேனீப் பெட்டிகள். பின்புறக் கதவைத் திறந்து தேன் வதைகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார். அவர் தேன் கருமையானது, காட்டின் கசப்பு இலேசாக அடிநாக்கில் நிற்கும். எங்கள் மேத்தைத் தேடி வந்தவர்கள் அந்தக் கசப்பைத் தேடித்தான் வந்தார்கள். மற்றவர்கள் விலையைக் கூட்டியபோதும் அவர் எங்களுக்குக் கூட்டவில்லை. பேசிய விலைக்குக் கை கொடுத்தார், அதோடு சரி. எழுத்தில் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு மனிதரிலும் அவருடைய ஒரு கொட்டிலிலும்தான் எங்கள் தொழில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு எப்போதும் பயமாக இருந்தது. "எல்லா முட்டையையும் ஒரே கடகத்துக்குள்ளை வைச்சிருக்கிறியள்," என்று சொல்வேன். "நல்ல கடகமப்பா," என்பார் என் கணவர்.

சில வருடங்கள் நன்றாக ஓடின. பிறகு ஒரு வசந்தம் முழுவதும் மழை. ஆப்பிள் பூத்துக் கொட்டியது, தேனீக்கள் வெளியே வரவில்லை. அந்தக் கோடை பள்ளத்தாக்கு முழுவதும் தேன் இல்லை. எங்கள் கிழவர் தனக்கென வைத்திருந்ததையும் சுரண்டித் தந்தார், அது ஒரு பீப்பாயின் பாதிக்குக்கூட வரவில்லை. வேறு இடங்களில் கேட்டால் வாய் கூசாமல் விலை சொன்னார்கள். நிலவறையில் வெறும் பீப்பாய்கள் நின்றன. வெறும் பீப்பாய் உலர்ந்தால் பலகை விலகிவிடும் என்று அவற்றுக்குள் தண்ணீர் ஊற்றி வைத்தார் என் கணவர். இன்னொரு வருடம் இப்படிப் போனால் நிலவறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த கோடையில்தான் சீமெந்துத் தேன் வந்தது.

அது ஒரு சாபமான தேன். ஊசியிலை மரங்களில் ஒரு வகைப் பூச்சி சாற்றைக் கசியவிடும். வெயில் கடுமையான ஆண்டுகளில் தேனீக்கள் அதை வெறி கொண்டு சேர்க்கும். சேர்த்த சில நாட்களில் வதைக்குள்ளேயே அது இறுகிக் கல்லாகிவிடும். தேன் பிரிக்கும் டிரம்மில் போட்டு எவ்வளவு சுழற்றினாலும் ஒரு துளி வெளியே வராது. போத்தலில் போட முடியாது, விற்க முடியாது. இங்குள்ள தேனீக்காரர்கள் அதைச் சீமெந்துத் தேன் என்று சொல்லித் தலையில் கை வைப்பார்கள். ஆனால் வதையை அப்படியே வெட்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறப் போட்டால் கரையும். அப்படிக் கரைத்த தண்ணீரால் யாருக்கு என்ன பயன்? மேத் செய்பவனுக்கு மட்டும்தான் பயன்.

கிழவர் என் கணவரை அழைத்துக் காட்டினார். பெட்டிக்குப் பெட்டி மேல்தட்டு நிறையக் கல்லாகிப்போன தேன்.

"எனக்கு உதவாது. உங்களுக்கு உதவும். சனிக்கிழமை இருவரும் வாருங்கள்," என்றார். அவருக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள், பாரமான வதைகளைத் தனியாக இழுக்க முடியாது. "இது வெளியே போன பிறகுதான் நான் மற்ற வேலையைத் தொடங்கலாம்."

"என்ன வேலை?" என்று கேட்டாராம் இவர்.

"மருந்து. தீனி," என்றாராம் அவர். அவ்வளவுதான். அந்த மனிதர் இரண்டு சொல்லில் முடிவதை மூன்று சொல்லில் சொல்லமாட்டார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று என் கணவர் வீட்டுக்குள் பாடிக்கொண்டு திரிந்தார். பீப்பாய் எல்லாம் நிரம்பும், இரண்டு வருடத்துக்குப் பயமில்லை, அதுவும் பாதி விலைக்கு. எனக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. ஒருவருக்கு உதவாமல் போனது எங்களுக்கு அதிட்டமாக வருகிறது என்றால் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்கும் என்று தோன்றியது. சொன்னேன். "உமக்கு நல்லது வந்தாலும் பயம், வராட்டிலும் பயம்," என்றார்.

சனிக்கிழமைக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. ரொறன்ரோவில் இருந்த என் கணவரின் மூத்த அண்ணன் காரை நிறுத்திவிட்டு வீட்டுப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, அங்கேயே முடிந்துபோனார்.

என் கணவரை ஊரிலிருந்து வெளியே எடுத்தது அந்த அண்ணன்தான். மூன்று வேலை செய்து ஏஜென்சிக்காரனுக்குக் காசு கொடுத்தவர். போக விசா கிடைக்காது, காசும் இல்லை. கணினித் திரையில் செத்தவீடு பார்த்தோம். பெட்டியை மூடும்போது படம் நின்று நின்று வந்தது. என் கணவர் எழுந்து நிலவறைக்குப் போய்விட்டார். தேடிப் போனபோது பீப்பாய்களுக்கு இடையில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அந்த அழுகையில் ஒரு பொய்யும் இல்லை.

அன்று பின்னேரமே மச்சாள் தொலைபேசி எடுத்தா. அழுது முடித்ததும் சாவுத் தீட்டுச் சட்டத்தைத் தொடங்கினா.

"முப்பத்தொண்டு நாள் முடியுமட்டும் துடக்குத் தம்பி. கோயிலுக்குப் போகாதை. ஆரின்ரை வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகாதை. அந்தத் தேன்காரன்ரை இடத்துக்கும் போயிடாதை, சொல்லிப்போட்டன். அது உயிர் வளர்க்கிற இடம்."

என் கணவர் படித்தவர், சந்தேகப் பிராணி, மற்ற நாட்களில் கோயில் பக்கம் போவதற்கு நான்தான் இழுக்க வேண்டும். ஆனால் அண்ணன் செத்த வீட்டில் அக்கா சொல்லும் சொல்லை மீற அவரால் முடியவில்லை. அதோடு சின்ன வயதில் அவர் மனதில் ஏறிய பயம் ஒன்றும் இருந்தது. துடக்கோடு மிளகாய்த் தோட்டத்துக்குள் கால் வைத்தால் செடி பட்டுப்போகும் என்று அவர் ஊர்ப் பக்கத்தில் நம்புவார்கள். மிளகாய்க் கண்டுக்கே அப்படியென்றால் தேனீக்கு?

"இஞ்சேருங்கோ, நீங்கள் கடைக்குப் போறியள், பஸ்ஸிலை போறியள்," என்றேன். "தேனீக்கு மட்டும் எங்கடை துடக்குத் தெரியுமோ?"

"அது அந்தாளின்ரை சீவன். எங்கடை சாவைக் கொண்டுபோய் அந்தாளின்ரை வாசல்லை கொட்டச் சொல்லுறீரோ?"

"அப்ப நான் போறன். அந்தாளோடை சேந்து நான் எடுக்கிறன்."

"நீரும் இந்த வீட்டு ஆள்தானே. சும்மா இரும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். சில நாட்களில் பத்து வயது கூடியிருந்தது. அதற்கு மேல் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கிழவருக்குத் தொலைபேசியில் சொன்னார். துடக்கு என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? சொல்ல முயன்றால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. "குடும்பத்தில் ஒரு மரணம். ஒரு மாதம் வர முடியாது. மன்னிக்க வேண்டும்," என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் பதில் கேட்டது. "என் அனுதாபம். கட்டாயம். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் கிழவர்.

இந்த நாட்டு மனிதர்களின் மரியாதை அப்படி. துக்கத்தில் இருப்பவனிடம் தன் தேவையைச் சொல்வது அசிங்கம் என்று நினைப்பார்கள். எங்கள் மரியாதை ஒன்று, அவர்கள் மரியாதை ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு கொட்டிலைப் பூட்டிவிட்டன.

அந்த மாதம் முழுவதும் நல்ல வெயில். நான் வேலைக்குப் போகும் பஸ் காட்டோரத்து வளைவில் திரும்பும்போது தூரத்தில் அந்த நிற வாசல்கள் தெரியும். ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்ப்பேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கொட்டிலின் கதவு சாத்தியே கிடந்தது. மாதத்தின் நடுவில் ஒரு நாள் கிழவரே தொலைபேசி எடுத்தார். என் கணவர் வெளியே போயிருந்ததால் நான் பேசினேன். எப்படி இருக்கிறீர்கள் என்றார். நன்றாகத் தூங்குகிறாரா என்று என் கணவரைப் பற்றிக் கேட்டார். "தேனுக்கு ஒன்றும் ஆகாதே?" என்று நானாகக் கேட்டேன்.

"தேன் எங்கும் போகாது," என்றார்.

தேனீக்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, தலை முழுகி, வீடு கழுவிய பிறகு போனோம். அதற்குள் இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. காலை முழுவதும் பனிப்புகார் மூடியிருந்தது. கொட்டிலுக்கு முன்னால் இருந்த புல்லில் தேனீக்கள் நடந்துகொண்டிருந்தன. பறக்கவில்லை, நடந்தன. குனிந்து பார்த்தேன். சிறகு இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிக் கருகிய நூல் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. புல்லின் நுனிவரை ஏறும், விழும், மறுபடி ஏறும்.

"இவற்றுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"நடக்கப் பழகுகின்றன," என்றார் கிழவர். சிரிக்கவில்லை.

அன்று முழுவதும் வதைகளை இழுத்து எடுத்தோம். ஒவ்வொன்றும் செங்கல்லளவு பாரம். என் கணவர் பெட்டிகளைத் திறக்குமுன் ஒரு கணம் கையெடுத்துக் கும்பிட்டதைக் கிழவர் பார்த்தார். வாளி வாளியாகக் காரில் ஏற்றினோம். போகும்போது பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒற்றைக் கையால் பெட்டிகளுக்கு மருந்துத் தட்டுகளை அவசர அவசரமாக வைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளி போகட்டும் என்று காத்திருந்தவரின் அவசரம் அது.

அந்தக் குளிர்காலம் எங்கள் நிலவறை உயிரோடு இருந்தது. ஒவ்வொரு பீப்பாயின் மூடியிலும் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் தண்ணீர். உள்ளே தேன் புளிக்கப் புளிக்கக் காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு டப் டப் என்று வெளியேறும். எல்லாப் பீப்பாய்களும் ஒன்றாகப் பேசின. என் கணவர் நிலவறைப் படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் இரத்தம் ஓடியது. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

தை மாதத்தில் ஒரு நாள், பனி கொட்டி ஓய்ந்த பிறகு திடீரென்று வெயில் அடித்தது. பஸ் வளைவில் திரும்பியபோது கொட்டிலுக்கு முன்னால் பனி வெள்ளையாக இல்லை. மஞ்சளும் கபில நிறமுமாகத் தெறித்துக் கிடந்தது. வாசல் பலகைகளிலும் அதே கறை வழிந்திருந்தது. நடுவில் கறுப்புப் புள்ளிகள். வீட்டுக்கு வந்து சொன்னேன். "வெயில் வந்தால் அதுகள் வெளிக்குப் போகும். அதுதான்," என்றார் என் கணவர். சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார், பிறகு திருப்பி வைத்தார். குளிர்காலத்தில் தேனீக்காரனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். அன்று அவர் நிலவறைப் படியில் போய் இருக்கவில்லை.

செரி பூக்கும்வரை கிழவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. முதல் போத்தலை எடுத்துக்கொண்டு நாங்களே போனோம். வெயிலில் மரம் முழுக்க வெள்ளைப் பூ. அப்படி ஒரு மரத்துக்குக் கீழே நின்றால் காது அடைக்கும் அளவுக்கு இரைச்சல் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெட்டியின் பின்கதவைத் திறந்தார். ஒரு கைப்பிடியளவு தேனீக்கள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்தபடி செத்திருந்தன. அடுத்ததைத் திறந்தார். அடுத்ததை. கடைசிவரை திறந்து காட்டினார். தேனீப் பரிசோதகர் வந்து பார்த்தாராம். தொற்றுநோய் இல்லையாம்.

"தேனீ உண்ணி," என்றார். "மருந்து கோடைக்குள் வைக்க வேண்டும். தேன் உள்ளே இருக்கும்போது வைத்தால் தேனில் ஏறிவிடும். அது உங்கள் தேன். கல்லுத்தேன் அவற்றின் வயிற்றையும் கெடுக்கும். சீனித் தண்ணீர் கொடுக்கப் பிந்திவிட்டது."

என் கணவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே குந்திவிட்டார். வாயைத் திறந்தார், ஜெர்மன் வரவில்லை. நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், கூச்சம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, துடக்கு என்றால் என்ன என்று சொன்னேன். வீட்டில் சாவு விழுந்தால் அந்தச் சாவு எங்கள் உடம்பில் ஒட்டியிருக்கும், அதோடு உயிருள்ள இடத்துக்குப் போகக்கூடாது, உங்கள் தேனீக்களுக்கு ஏதும் ஆகக்கூடாது என்றுதான் நாங்கள் வரவில்லை.

கிழவர் திறந்து கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"எங்களிடம் நேர்மாறு," என்றார். "வீட்டில் யாராவது செத்தால் முதலில் தேனீக்களிடம் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவையும் செத்துவிடும் என்பார்கள். என் மனைவி போன காலை நான் டாக்டரைக் கூப்பிடுமுன் இங்கேதான் வந்தேன்."

கோபத்தோடு சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போத்தலை வாங்கிக்கொண்டு, நன்றி என்றார்.

காரில் ஏறியதும் என் கணவர், "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அந்தாள்," என்றார்.

"நாங்களும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை," என்றேன். அன்று மச்சாள் எடுத்தபோது நான் தொலைபேசியைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பேன்.

அந்தச் சீமெந்துத் தேன் மேத்தைப் போல் ஒன்றை நாங்கள் அதற்கு முன் செய்ததில்லை. கருமை, காட்டின் கசப்பு, கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு. வைத்த இடத்தில் வைக்க முடியாமல் விற்றது. சிரித்துக்கொண்டே போன வருட விலை பேசிய அதே கடைக்காரி அவளாகவே தொலைபேசி எடுத்து, அடுத்த வருடத்துக்கும் இதே மாதிரி வேண்டும், விலை பரவாயில்லை என்றாள். இத்தனை வருடம் காத்திருந்த சொல். என் கணவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழவரிடம் புதுத் தேனீக் கூட்டங்கள் வாங்கச் சொல்லிப் பார்த்தோம், நாங்களும் பங்கு தருகிறோம் என்றோம். தோள் விடாது என்றார். அவருக்கு விட்டுப்போனது தோள் மட்டும் அல்ல என்று எங்களுக்குத் தெரிந்தது. மற்றத் தேனீக்காரர்களிடம் அலைந்தோம். அந்தக் குளிரில் பலருக்கும் இழப்பு. இருந்த தேனுக்கு அவரவர் வாடிக்கைக்காரர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். சொன்ன விலைக்கு வாங்கினால் போத்தல் ஒவ்வொன்றையும் நட்டத்துக்கு விற்க வேண்டும். இறக்குமதிக்காரன் ஒருவன் டிரம் தேன் கொண்டு வந்து காட்டினான், கேட்டால் நம்ப முடியாத மலிவு. "புளித்த பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?" என்றான். ஒரு சின்னக் கலனில் போட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் புளித்தது. குடித்தால் வாயில் ஒன்றும் நிற்கவில்லை, வெறும் இனித்த தண்ணீர்.

"போடுவமோ?" என்று கேட்டேன். வாடகை என் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆகவே கேட்டேன்.

"இதுக்காகவோ அதுகள் செத்தது?" என்றார் என் கணவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இலையுதிர் காலத்தில் நிலவறையைத் திருப்பிக் கொடுத்தோம். பீப்பாய்களை ஒருவர் பூந்தொட்டி வைக்க வாங்கிப் போனார். என் கணவர் மருத்துவமனைச் சமையலறைக்கே திரும்பினார், பழைய இடத்துக்கு, புது ஆட்களுக்குக் கீழே. கை கழுவுவது போல ஒரு தொழிலைக் கழுவிவிட்டார் என்று மச்சாள் சொன்னதாகக் கேள்வி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு வருடத்துக்கும் மேல் கழிந்து, நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டில் கிழவரைக் கண்டேன். தேன் அடுக்கி வைத்திருந்த தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு போத்தல், அதன் பின்புறத்துச் சின்ன எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"இது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "நான் இதுவரை தேன் வாங்கியதில்லை."

போத்தலை வாங்கிப் பார்த்தேன். பல நாட்டுத் தேன்களின் கலவை என்று எழுதியிருந்தது. அந்த டிரம்காரன் கொண்டு வந்த அதே நிறம்.

"இதில் ஒன்றும் இல்லை," என்றேன். "அதை எடுங்கள்." மேல்தட்டில் இந்த நாட்டுக் காட்டுத் தேன் இருந்தது, கறுப்பாக, சின்னப் போத்தலில்.

அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். அதற்குக் கீழே ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார்.

"அது எனக்குக் கட்டுப்படியாகாது," என்றார்.

என் கையிலிருந்த போத்தலைத் திருப்பி வாங்கித் தன் கூடைக்குள், பாண் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். என் கணவரைச் சுகம் விசாரித்தார். சுகம் என்றேன். காசு கட்டும் வரிசையில் போய் நின்றார்.